வால்வு வைத்த பிறகு

திருச்சியிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில் பெரம்பலூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ரஞ்சன்குடிக் கோட்டை கண்ணில் படும். அதைச் சுற்றியுள்ள ஊர்களில் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைகின்றன. இந்த ஊர்களில் ஒருவருக்கு இதய வால்வை மாற்றும் ஆபரேஷன் தேவைப்பட்டால், பெரும்பாலும் திருச்சிக்கோ சென்னைக்கோ பயணப்பட வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்த பிறகு, காட்டை விற்காமல் நகையை அடகு வைக்காமல் அந்த ஆபரேஷனைச் செய்துகொண்டு வர ஏழைக் குடும்பங்களாலும் முடிகிறது. அது பெரிய விஷயம். ஆனால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, தையல் பிரித்து, ஊர் திரும்பியதும் கதை முடிந்துவிட்டதாக நாம் நினைத்துவிடுகிறோம். நாற்பது வயதில் வால்வு மாற்றிக்கொண்ட ஒருவருக்கு முன்னால் இன்னும் முப்பது ஆண்டுகள் இருக்கின்றன. அந்த முப்பது ஆண்டுகள் எப்படிப் போகும் என்பதில் வால்வின் தரத்துக்கும் சர்ஜனின் கைத்திறனுக்கும் பங்கு உண்டு. அவற்றைவிடப் பெரிய பங்கு, அவர் வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை கிடைக்கிறது என்பதற்கு இருக்கிறது. இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான்.

கிணற்று மோட்டார் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வைப் பற்றி விவசாயிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. இதயத்தின் இடது கீழறையிலிருந்து உடம்பு முழுவதற்கும் ரத்தம் போகும் மகாதமனியின் வாசலில் உள்ள வால்வும் அந்த வேலையைத்தான் செய்கிறது. சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வந்த ருமாட்டிக் காய்ச்சலால் அதன் இதழ்கள் தடித்துப் போகலாம். மூன்று இதழுக்குப் பதில் இரண்டே இதழோடு சிலர் பிறக்கிறார்கள். வயது ஏற ஏற அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகிவிடும். முதுமையில் யாருக்கும் அப்படி இறுகலாம். வால்வு மிகவும் சுருங்கி, நடந்தால் நெஞ்சு வலி, மயக்கம், மூச்சு வாங்குதல் என்று அறிகுறிகள் தொடங்கிவிட்டால், மாத்திரை மட்டும் போதாது. 1968இல் அமெரிக்க மருத்துவர்கள் ராஸும் பிரவுன்வால்டும் தொகுத்துச் சொன்ன கணக்கு இன்றும் பாடமாக இருக்கிறது: ஆபரேஷன் செய்யாமல் விட்டால், நெஞ்சு வலி தொடங்கியவர் சராசரியாக ஐந்தாண்டும், மயங்கி விழுந்தவர் மூன்றாண்டும், இதயம் தளர்ந்து மூச்சுத் திணறுபவர் இரண்டாண்டும்தான் வாழ்கிறார்கள். ஆகவே ஆபரேஷன் வேண்டுமா என்று தயங்கிக்கொண்டிருக்கும் நேயர் யாராவது இருந்தால், மருத்துவர் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார் என்றால், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

இனி வால்வுக்கு வருவோம். இந்த இடத்தில் நின்று பேச எனக்கு ஆசை, ஏனென்றால் இது நம் நாட்டு மூளையும் பொறுமையும் சேர்ந்து செய்த காரியம். 1970களில் செயற்கை வால்வு என்றால் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். சாதாரணக் குடும்பம் அந்த விலையை எட்டிப் பார்க்கவும் முடியாது. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தைக் கட்டி எழுப்பிய இதய சர்ஜன் எம். எஸ். வலியத்தான், நாமே ஒன்று செய்வோம் என்று இறங்கினார். பூஜப்புரையில் திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த சாட்டல்மண்ட் அரண்மனையில்தான் அந்த நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு இயங்கியது. ஜி. எஸ். புவனேஸ்வர் போன்ற பொறியாளர்களும் மருத்துவர்களும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து வேலை செய்தார்கள். அந்தக் காலத்தில் இந்தியாவில் அது புதுமை. முதல் மாதிரி தோற்றது. இரண்டாவதும் தோற்றது. மூன்றாவதில் நீலமணிக் கல்லைப் போன்ற கடினமான படிகத்தால் தகடு செய்து பார்த்தார்கள், அதுவும் நிலைக்கவில்லை. ஒரு வால்வு ஆண்டுக்கு ஏறக்குறைய 3 கோடியே 78 லட்சம் தடவை திறந்து மூட வேண்டும், நேயர்களே. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று வைத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள். நடுவில் ஒரு நாள் ஓய்வு கிடையாது. பழுது பார்க்கக் கழற்றவும் முடியாது. அதற்கு ஈடுகொடுக்கும் பொருளைத் தேடுவதில்தான் பத்தாண்டுக்கு மேல் போயிற்று.

நான்காவது மாதிரியில் அவர்கள் எடுத்த முடிவு மிக அழகானது. தகட்டைக் கல்லாலோ உலோகத்தாலோ செய்யாமல், இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனில் பயன்படும் உறுதியான ஒரு வகை பிளாஸ்டிக்கால் செய்தார்கள். அதைத் தாங்கும் வளையத்தைக் கோபால்ட் குரோமியக் கலப்பு உலோகத்தின் ஒரே கட்டியிலிருந்து கடைந்து எடுத்தார்கள். எங்கும் பற்றவைப்பு கிடையாது. இது ஏன் முக்கியம் என்றால், அதே காலத்தில் உலகம் முழுவதும் 86,000 பேர் அளவில் பொருத்தப்பட்ட பியார்க்-ஷைலி என்ற வால்வின் ஒரு ரகத்தில், பற்றவைத்த சின்னக் கம்பி முறிந்து பல நூறு பேர் உயிருக்கு ஆபத்தாகி, 1986இல் அது சந்தையிலிருந்தே எடுக்கப்பட்டது. சித்ரா என்று பெயரிடப்பட்ட நம் வால்வில் முறிவதற்குப் பற்றவைத்த இடமே இல்லை. பிளாஸ்டிக் தகடு என்பதால் டிக் டிக் சத்தமும் குறைவு; இரவில் தலையணையில் காது வைத்துப் படுப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று வால்வு வைத்தவர்களுக்குத் தெரியும். ஆடுகளில் சோதித்த பிறகு, 1990 டிசம்பர் 6ஆம் தேதி முதன்முதலாக ஒரு மனிதருக்கு அதைப் பொருத்தினார்கள். சென்னையின் டி.டி.கே. நிறுவனம் அதைத் தயாரிக்கும் பொறுப்பை ஏற்றது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இதயங்களில் இன்று சித்ரா வால்வு போயிருக்கிறது. வலியத்தான் 2024 ஜூலையில் மறைந்தார். அவருக்கு நாடு 2005இல் பத்ம விபூஷண் கொடுத்தது. என்னைக் கேட்டால், தோற்ற மூன்று மாதிரிகளையும் மறைக்காமல் எழுதி வைத்தாரே, அதற்கும் சேர்த்துத்தான் அந்த மரியாதை.

இவ்வளவு விரிவாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சித்ரா போன்ற இன்றைய உலோக வால்வுகள் பொதுவாகத் தேய்ந்து போவதில்லை, உடைந்து போவதில்லை. அப்படியானால் வால்வு வைத்தவருக்குப் பத்தாம் ஆண்டிலோ பதினைந்தாம் ஆண்டிலோ எதனால் ஆபத்து வருகிறது? ரத்தம் உறைவதால் வருகிறது. அல்லது உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை அளவு மீறியதால் வரும் ரத்தக் கசிவால் வருகிறது. அன்னியப் பொருளைத் தொட்டால் உறையத் தொடங்குவது ரத்தத்தின் இயல்பு. அந்தக் கட்டி தகட்டில் சிக்கினால் வால்வு அசையாமல் நின்றுவிடும். மூளைக்குப் போனால் பக்கவாதம். நெதர்லாந்து ஆய்வாளர்கள் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 1994இல் வெளியிட்ட கணக்கைச் சொல்கிறேன். மாத்திரை எதுவுமே இல்லாவிட்டால், உலோக வால்வு வைத்த 100 பேரில் ஆண்டுக்கு 4 பேருக்குப் பெரிய உறைகட்டி ஆபத்து வருகிறது. வார்ஃபரின் வகை மாத்திரை சாப்பிட்டால் அது 1 ஆகக் குறைகிறது. வால்விலேயே கட்டி அடைப்பது 1.8இலிருந்து 0.2 ஆகக் குறைகிறது. ஓர் ஆண்டுக்கு 4 என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். அதை முப்பது ஆண்டுக்கு நீட்டிப் பாருங்கள், அப்போதுதான் அதன் கனம் புரியும்.

அந்த மாத்திரை, நம் ஊர் மருந்துக் கடையில் அசிட்ரோம் என்றோ வார்ஃபரின் என்றோ கேட்டு வாங்குகிறோமே அதுதான், மற்ற மாத்திரைகளைப் போன்றதல்ல. பிரஷர் மாத்திரையை ஒரே அளவில் மாதக்கணக்கில் சாப்பிடலாம். இதன் வேலையை ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையால் அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும். நலமாக உள்ளவருக்கு அது 1 அளவில் இருக்கும். மகாதமனி வால்வின் இடத்தில் உலோக வால்வு வைத்தவருக்குப் பொதுவாக 2இலிருந்து 3க்குள் நிற்க வேண்டும். இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள மைட்ரல் வால்வானால் இன்னும் கொஞ்சம் கூட. கீழே போனால் கட்டி, மேலே போனால் ரத்தக் கசிவு. அந்த எண்ணைக் கலைக்க ஒரு வாரக் காய்ச்சல் போதும். பல் வலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை ரத்தக் கசிவைக் கூட்டும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் எண்ணை ஏற்றிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். கீரை சாப்பிடலாமா என்று வால்வு வைத்த எல்லோரும் கேட்கிறார்கள். சாப்பிடலாம். முருங்கைக்கீரையில் உள்ள வைட்டமின் கே மாத்திரையை எதிர்ப்பது உண்மை. ஆனால் மருத்துவர் மாத்திரை அளவை நிர்ணயிப்பது உங்கள் வழக்கமான சாப்பாட்டை வைத்துத்தான். வாரத்துக்கு இரண்டு நாள் கீரை என்றால் எப்போதும் இரண்டு நாளாகவே இருக்கட்டும். ஆடி மாதம் முழுக்கக் கீரை, ஆவணியில் ஒன்றுமே இல்லை என்றால்தான் சிக்கல். கீரையை அடியோடு நிறுத்தி உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று தாய்மார்களிடம் குறிப்பாகச் சொல்லிக்கொள்கிறேன்.

இவ்வளவு தொல்லை எதற்கு, மாட்டின் திசுவாலோ பன்றியின் வால்வாலோ செய்த திசு வால்வை வைத்துவிட்டால் மாத்திரையே வேண்டாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. எழுபது வயதுக்காரருக்கு அது நல்ல பதில்தான். இளையவர்களுக்கு அப்படியல்ல. இளம் உடம்பில் திசு வால்வு சீக்கிரம் சுண்ணாம்பு படிந்து கெடுகிறது. பத்துப் பதினைந்து ஆண்டில் மறுபடி நெஞ்சைத் திறக்க நேரிடலாம். கலிஃபோர்னியாவில் 1996 முதல் 2013 வரை நடந்த ஆபரேஷன்களை வைத்து 2017இல் வெளியான ஆய்வில், மகாதமனி வால்வு மாற்றிய 45 முதல் 54 வயதுக்காரர்களில் பதினைந்து ஆண்டுக்குள் இறந்தவர்கள், திசு வால்வு வைத்தவர்களில் 30.6 சதவீதம், உலோக வால்வு வைத்தவர்களில் 26.4 சதவீதம். நியூயார்க்கில் 50 முதல் 69 வயது வரை உள்ளவர்களைப் பார்த்த இன்னோர் ஆய்வில் உயிர் பிழைத்திருப்பதில் வேறுபாடு இல்லை. திசு வால்வில் மறு ஆபரேஷன் கூடுதல், உலோக வால்வில் ரத்தக் கசிவு கூடுதல். ஆக, ஐம்பதைத் தாண்டியவருக்கு இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் நம் நாட்டில் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டு மேசையில் ஏறுபவர் பலரும் இருபது, முப்பது, நாற்பது வயதுக்காரர்கள். அவர்களுக்கு உலோக வால்வு என்றால் மாத்திரையும் பரிசோதனையும் கூடவே வரும். கர்ப்பம் தரிக்க விரும்பும் பெண்ணுக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும். வார்ஃபரின் ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை கருவைப் பாதிக்கக்கூடியது. ஆகவே கல்யாணம் பேசும்போதே இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். மாத்திரையைத் தானாக நிறுத்துவது தாய்க்கே ஆபத்து.

நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாக வால்வு வைக்கிறார்களே என்றும் கேட்பீர்கள். 2002இல் பிரான்சின் ரூவான் நகரில் அலன் கிரிபியே தொடங்கிய முறை அது. முதியவர்களுக்கு வரப்பிரசாதம். வைப்பது திசு வால்வுதான் என்பதால், இளையவர்களின் கேள்வி அப்படியே நிற்கிறது, செலவும் அதிகம். பரிசோதனையே வேண்டாத புதிய ரக மாத்திரைகள் வந்துவிட்டனவே என்றால், உலோக வால்வு வைத்தவர்களிடம் அவற்றைச் சோதித்தார்கள். டாபிகாட்ரான் ஆய்வு கட்டியும் கசிவும் கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டு 2013இல் வெளியானது. அபிக்சபான் ஆய்வு 2022இல் நிறுத்தப்பட்டது. ஆகவே யாராவது பக்கத்து வீட்டுக்காரர் டெஸ்ட் இல்லாத மாத்திரை ஒன்று சாப்பிடுகிறார் என்று அதற்கு மாறிவிடாதீர்கள். உலோக வால்வுக்குப் பழைய மாத்திரைதான், பழைய பரிசோதனைதான்.

கடைசியாக ஒரு வாதம் வரும், அதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. நோயாளிகள் அலட்சியக்காரர்கள், ஆபரேஷன் முடிந்ததும் செக்கப்புக்கு வருவதில்லை என்பார்கள். ரஞ்சன்குடியிலிருந்து திருச்சி 70 கிலோமீட்டருக்கு மேல். வெங்காயம் அறுக்கும் நாளில், அல்லது நூறு நாள் வேலை இருக்கும் நாளில், ஒரு கூலியை விட்டு, பஸ்ஸுக்குக் கொடுத்து, ரத்தம் கொடுத்து, ரிசல்ட்டுக்குக் காத்திருந்து, மாத்திரை அளவை எழுதி வாங்கி, இருட்டிய பிறகு வீடு சேர வேண்டும். இதை மாதாமாதம் முப்பது ஆண்டுகளுக்குச் செய்ய வேண்டும். முதல் ஆண்டில் எல்லோரும் செய்வார்கள். மூச்சு வாங்குவது நின்று, உடம்பு நன்றாகி, வயலில் இறங்கி வேலை செய்யத் தொடங்கிய பிறகு நான்காம் ஆண்டில் விட்டுப்போகிறது. இதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாம் சிகிச்சையின் முதல் பாதியை அரசு செலவில் கொடுத்துவிட்டு, இரண்டாம் பாதியை நோயாளியின் தலையில் வைத்துவிட்டோம். சுவீடனில் 23,528 பேரைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். மகாதமனி வால்வு மாற்றியவர்கள், ஊரில் உள்ள மற்றவர்களைவிடச் சராசரியாக 1.9 ஆண்டு குறைவாக வாழ்கிறார்கள். எண்பது வயதைத் தாண்டியவருக்கு அந்த இழப்பு 0.4 ஆண்டுதான். ஐம்பதுக்குக் கீழே உள்ளவருக்கோ 4.4 ஆண்டு. பரிசோதனை எளிதாகக் கிடைக்கும் நாட்டிலேயே இளையவர்தான் அதிகம் இழக்கிறார் என்றால், நம் இளைஞர்கள் விஷயத்தில் எவ்வளவு கவனம் வேண்டும்!

இதற்கு வழி இல்லாமல் இல்லை. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தில் சில நிமிடத்தில் ஐ.என்.ஆர். சொல்லும் கையடக்கக் கருவி இருக்கிறது. வீட்டிலேயே நோயாளி தானே பார்த்துக்கொண்டால் என்ன ஆகும் என்று 11 ஆய்வுகளில் 6,417 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். 2012இல் வந்த முடிவு: உறைகட்டி ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இளையவர்களுக்கு அதைவிட அதிகமாகக் குறைந்தது. ரத்தக் கசிவும் கூடவில்லை. கிராமத்தில் இதைச் செய்தால் மாத்திரை அளவில் தவறு நேராதா என்று அஞ்சுபவர்களுக்கு இதுவே பதில். நம் ஊரில் ஒவ்வொருவரும் கருவி வாங்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. அந்த அமைப்பே இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு கருவி, பயிற்சி பெற்ற ஒரு செவிலியர், பெரம்பலூர் அரசு மருத்துவமனையிலோ 2022இல் திறந்த அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியிலோ போனில் மாத்திரை அளவு சொல்ல ஒரு மருத்துவர், இவ்வளவுதான் புதிதாக வேண்டும். ஒரு வட்டாரத்தில் மகாதமனி வால்வு மாற்றியவர்கள் சிலர்தானே என்று கேட்டால், மைட்ரல் வால்வு மாற்றியவர்கள், இதயத் துடிப்பு தாறுமாறாக உள்ளவர்கள், காலில் ரத்தம் உறைந்தவர்கள் என்று இந்த மாத்திரையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் அதே கருவி உதவும். லட்சக்கணக்கில் செலவு செய்து காப்பாற்றிய உயிரைத் தொடர்ந்து காப்பாற்ற ஆகும் செலவு அதன் பக்கத்தில் மிகச் சிறியது.

நேரம் நெருங்குகிறது. பல் பிடுங்கும் முன் வால்வு வைத்திருப்பதை மருத்துவரிடம் சொல்லி ஆன்டிபயாடிக் கேளுங்கள். வாயிலிருந்து போகும் கிருமி வால்வில் தங்கிவிடும். ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள், ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பெனிசிலின் ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள். காரணம் தெரியாத காய்ச்சல் ஒரு வாரம் நீடித்தால் எக்கோ எடுக்கச் சொல்லுங்கள். ரஞ்சன்குடி, வாலிகண்டபுரம், வேப்பந்தட்டை, செந்துறை, எந்த ஊரில் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாலும், உங்கள் வீட்டில் வால்வு வைத்தவர் இருந்தால் அவருடைய நோட்டை எடுத்துக் கடைசி ஐ.என்.ஆர். தேதியைப் பாருங்கள். ஒரு மாதத்தைத் தாண்டியிருந்தால் நாளைக் காலையிலேயே கூட்டிக்கொண்டு போங்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எங்கள் சுகாதார நிலையத்துக்கு அந்தப் பரிசோதனை வேண்டும் என்று ஒரு தீர்மானம் போடச் சொல்லிக் கேளுங்கள்.